குழலுக்குள் நின்றவன்

திங்கட்கிழமை காலை எடுத்த நாற்பத்து மூன்றாவது குழலில், கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தது.

கோட்லோப் ஹவுக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துளை போட்டு வரும் துப்பாக்கிக் குழலில் இரும்புத் துருவல் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம்தான். போர் தொடங்கி இது மூன்றாவது குளிர்காலம். நல்ல எண்ணெய் எல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ, துளையிடும் கூடத்தில் மீன் எண்ணெயையும் சோப்புத் தண்ணீரையும் கலந்து ஊற்றினார்கள். அந்த நாற்றம் குழலோடு ஒட்டிக்கொண்டு வந்து, கையில் ஏறி, சாயங்காலம் வீட்டு ரொட்டி வரைக்கும் போனது. அந்தப் பிசுக்கில் துருவல் ஒட்டாமல் என்ன செய்யும்? துணி சுற்றிய கம்பியை விட்டு இரண்டு இழுப்பு இழுத்தான். மறுபடி கண்ணில் வைத்தான். புள்ளி இருந்தது.

அவன் வேலை குழலை நிமிர்த்துவது. அதற்கு வடக்குப் பார்த்த ஜன்னலும் பகல் வெளிச்சமும் வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு இழுத்திருந்தார்கள். குழலின் ஒரு முனையைக் கண்ணில் வைத்து மறுமுனையை அந்தக் கோட்டுக்குக் காட்டினால், கோட்டின் நிழல் உட்சுவரில் விழுந்து நீளமாக ஓடிவரும். நிழல் நேராக வந்தால் குழல் நேர். நடுவில் முறிந்தால் அங்கே வளைவு. முறிந்த இடத்தில் வெளியே கட்டைவிரலை வைத்துப் பிடித்து, திருகு அழுத்தியில் கொடுத்து, தலைக்கு மேலே இருக்கும் அதன் சக்கரத்தை மயிரிழை திருப்ப வேண்டும். மறுபடி பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றெண்பது குழல். தொழிற்சாலையில் மற்ற எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிட்டது, இதற்கு மட்டும் வரவில்லை. கண்தான் இதற்கு அளவுகோல்.

அந்தக் கண்தான் அவனைப் போர்முனையிலிருந்து திரும்பக் கொண்டுவந்தது. பதினான்கு மாதம் பிளாண்டர்ஸ் சேற்றில் கிடந்தவனை, நிமிர்த்த ஆளில்லை என்று தொழிற்சாலை எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டது. சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும் விலக்குச் சீட்டு இருக்கும்வரை அவனை யாரும் ரயிலேற்ற முடியாது. சீட்டு போனால் அன்றைக்கே ரயில்.

புள்ளி உள்ளே எங்கே இருக்கிறது என்று பார்க்க, குழலைத் தலைகீழாகத் திருப்பினான். துருவல் அந்தக் கோடியில் ஒட்டியிருந்தால் இப்போது கண்ணுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுபடியும் அந்தக் கோடியிலேயே, கோட்டுக்குக் கீழே, எள்ளளவு கறுப்பாக, நேராக நின்றது. அப்படியென்றால் குழலில் இல்லை, ஜன்னலில் இருக்கிறது. எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்தான். திரும்பி வந்து வேறொரு குழலை எடுத்துப் பார்த்தான், கோடு மட்டும்தான். இன்னொன்றை எடுத்தான், அதிலும் கோடு மட்டும்தான். நாற்பத்து மூன்றாவதை எடுத்தான். புள்ளி.

"என்னய்யா, ஜன்னலுக்குப் பூசையா போடுற?" பக்கத்து அழுத்தியிலிருந்து கார்ல் ஷ்டோட்ஸ் கேட்டான். இருவரும் பத்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள்.

"இதைக் கொஞ்சம் பாரு. உள்ள எதாவது தெரியுதா?"

ஷ்டோட்ஸ் வாங்கிப் பார்த்தான். நிதானமாகத்தான் பார்த்தான். "தெரியுதே."

கோட்லோபுக்கு மூச்சு வந்தது. "என்ன தெரியுது?"

"ஒரு முழுப் பன்னித் தொடை. உப்புத் தடவிப் புகையில வாட்டினது. பக்கத்துல ஒரு குவளை பீர்." குழலைத் திருப்பிக் கொடுத்தான். "நேராத்தான் இருக்கு. நிழல் நூல் பிடிச்ச மாதிரி வருது. டர்னிப் தின்னு தின்னு உனக்குக் கண்ணுல பூச்சி பறக்குது, போ."

கோட்லோப் சிரித்துவைத்தான். ஆனாலும் அரத்தை எடுத்து, அந்தக் குழலின் அடிப்பகுதியில், பின்னால் கடைசலில் போகாத இடமாகப் பார்த்து, சின்னதாக ஒரு கீறல் போட்டான். பிறகு நேரானவற்றின் வண்டியில் வைத்தான்.

அதோடு தொலைந்தது என்று இருக்க முடியாது. இந்தத் தொழிலில் ஒரு குழல் ஒரே தடவை நிமிர்த்துபவன் கைக்கு வந்து போவதில்லை. துளை போட்ட பிறகு வரும். துளையைச் சீவிய பிறகு வரும். வெளியே கடைந்த பிறகு, உள்ளே தோட்டாவைச் சுழற்றும் திருகுவரி வெட்டிய பிறகு, ஒவ்வொரு வெட்டுக்கும் இரும்பு முறுக்கிக்கொள்ளும், ஒவ்வொரு முறுக்குக்கும் திரும்ப வரும். இத்தனை நாளும் அதைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை.

செவ்வாய் மதியம் கீறல் போட்ட குழல் வந்தது.

கண்ணில் வைக்கும்போதே தெரிந்துவிட்டது. எள் இப்போது அரிசி அளவாகியிருந்தது. அரிசிக்கு மேலே சின்னதாக ஒரு தலை இருந்தது. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் சரிவு, தோள்கள். நீளமான மேலங்கி போட்ட ஒரு மனிதன், முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குள் நின்றான். அசையவில்லை. தொப்பி இல்லை. கூடத்தில் மேலே ஓடும் பெல்ட்டுகளின் பட்பட்டென்ற சத்தம், அடுத்த கூடத்து லேத்துகளின் கிறீச்சு, யாரோ இருமுவது எல்லாம் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் குழலை வைத்திருந்த கண்ணின் பக்கத்துக் காதில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அந்தக் காது பஞ்சடைத்தது போல இருந்தது.

குழலை இறக்கினான். ஜன்னலுக்கு வெளியே கரிக்கிடங்குச் சுவர்தான். அங்கே யாரும் நிற்கவும் முடியாது, நின்றால் இவ்வளவு சின்னதாகத் தெரியவும் முடியாது.

இதைக் கழித்துவிட வேண்டும். அவ்வளவுதானே? கோணல் நிமிராத குழல் என்று சிவப்புச் சாயம் தடவினால் உலைக்குப் போய்விடும். சாயக் குச்சியை எடுத்துத் தடவியும் விட்டான். கால் மணி நேரத்தில் மேஸ்திரி பென்ஸிங் அந்தக் குழலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஹவுக், இதுல என்ன கோளாறு?"

"நிமிர மாட்டேங்குது மேஸ்திரி."

"நிமிர்ந்துதானே இருக்கு! நான் பாத்தேன். ஷ்டோட்ஸ் பாத்தான். வரி வெட்டுற கூடத்துல ஆளுங்க கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், நீ நல்ல குழலுக்குச் சிவப்பு அடிக்கிற. இரும்பு என்ன மரத்துலயா காய்க்குது?"

"அதுல ஒரு கறை மாதிரி..."

"எங்க கறை? காட்டு." மேஸ்திரி குழலை நீட்டினார். "காட்டுய்யா, நானும் தெரிஞ்சுக்கறேன்."

என்னவென்று காட்டுவான்? ஒரு ஆள் நிற்கிறான், பாருங்கள் என்றா? மேஸ்திரி தன் கைக்குட்டையாலேயே சிவப்பைத் துடைத்து, குழலை வண்டியில் போட்டுவிட்டுப் போனார். போகிற போக்கில் சொன்னார்: "வெள்ளிக்கிழமை படை ஆளுங்க வர்றாங்க. விலக்குச் சீட்டு வச்சிருக்கவன் எவன் எவன் உண்மையிலேயே தேவைன்னு பாக்கறதுக்கு. நெனப்புல வச்சுக்க."

அன்று மாலை வீட்டில் அவன் மனைவி ரோஸினெ டர்னிப் சூப் வைத்திருந்தாள். நேற்றும் அதுதான், நாளைக்கும் அதுதான். கோட்லோப் கதவைத் திறக்கும்போது சாவித் துவாரத்தைப் பார்க்காமல் தடவித் தடவிச் சாவியை நுழைத்தான். அதை அவள் உள்ளிருந்து கவனித்திருக்க வேண்டும்.

"என்ன ஆச்சு உனக்கு?"

சொன்னான். எல்லாவற்றையும் சொல்லவில்லை, ஒரு குழலில் தனக்கு மட்டும் ஏதோ தெரிகிறது என்று சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கோட்லோப், என்னைப் பாரு. உன்ன என்ன கேக்கறாங்க? நேரா இருக்கா, கோணலா இருக்கான்னு. உள்ள யாரு இருக்கா, என்ன இருக்குன்னா கேட்டாங்க? நேரா இருக்குன்னு சொல்லிட்டு வந்துடு."

"தெரியுதே ரோஸினெ. தெரியறத எப்படித் தெரியலன்னு..."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்!" அவள் குரல் உடைந்தது. "என் தம்பிய ஏத்திவிட்டேன், வரல. உன்ன ஒரு தடவ ஏத்திவிட்டேன், பாதி ஆளா வந்த. இன்னொரு தடவ அந்த ஸ்டேஷன்ல நின்னு கையாட்ட என்னால முடியாது. சொல்லிட்டேன்."

அவன் சூப்பைக் குடித்தான். மீன் எண்ணெய் மணத்தது.

புதன்கிழமை காலை முழுவதும் அந்தக் குழல் வரவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒவ்வொரு குழலையும் கண்ணில் வைப்பதற்கு முன்னால் அடியில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். வைத்த பிறகு கோடு மட்டும் தெரியும். அப்பாடா என்று இறக்குவதற்குள் அடுத்தது காத்திருக்கும். இப்படி எழுபது குழல். மூன்று மணிக்கு, வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரத்தில், கீறல் போட்டது கையில் தட்டுப்பட்டது. திருகுவரி வெட்டி முடித்திருந்தார்கள். பார்க்காமலே வண்டியில் வைத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மேஸ்திரி இரண்டு அழுத்திகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

பார்த்தான்.

குழலின் பாதி வரை வந்துவிட்டிருந்தான். முதுகுதான். மேலங்கியின் பின்பக்கத் தையல் தெரிந்தது. கழுத்து மயிர் தெரிந்தது, ஈரமாக ஒட்டியிருந்தது. திருகுவரிகள் அவனைச் சுற்றி வளைந்து வளைந்து வந்தன. முதல் முறையாக அவன் அசைவதைக் கோட்லோப் பார்த்தான். ஒரு காலைப் பின்னால் வைத்தான். நிறுத்தினான். அடுத்த காலைப் பின்னால் வைத்தான்.

பின்னோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான்.

மேஸ்திரி அடுத்த கூடத்துக்குப் போகும்வரை கோட்லோப் குனிந்தே இருந்தான். பிறகு செய்யக்கூடாததைச் செய்தான். குழலை அழுத்தியில் வைத்துச் சக்கரத்தை முழுச் சுற்று சுற்றினான். இரும்பு முனகியது. எடுத்துப் பார்த்தபோது கோட்டின் நிழல் இரண்டு துண்டாக முறிந்து கிடந்தது. மனிதன் முறியவில்லை. வளைவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தான்.

"மேஸ்திரி! இது போச்சு. வரி வெட்டும்போது முறுக்கிக்கிச்சு போல. உலைக்கு அனுப்பிடலாம்."

பென்ஸிங் பார்த்தார். வளைந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் உலைக்கு அனுப்பவில்லை. "ஷ்டோட்ஸ், இதை ஒரு கை பாரு" என்றார். ஷ்டோட்ஸ் இரண்டே திருப்பில் நிமிர்த்திக் கொடுத்தான். ரொம்பச் சங்கடத்தோடுதான் கொடுத்தான். கோட்லோபின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு திருப்பு," என்றார் மேஸ்திரி. "உன்னால முடியாதுன்னு சொன்னது ரெண்டே திருப்பு. ஹவுக், பத்து வருஷமா உன்னத் தெரியும்கறதால ஒண்ணு கேக்கறேன். உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?"

"தெரியுது மேஸ்திரி."

"வெள்ளிக்கிழமை அவங்க கிட்டச் சொல்லு. உன் பேரத்தான் முதல்ல குடுக்கப்போறேன். எனக்கு வேற வழியில்ல."

கோட்லோபுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சனியன் பிடித்த ஒரு குழல்! அதைக் கழிக்கவும் விடமாட்டார்கள், வைத்திருக்கவும் முடியாது. சொன்னால் பைத்தியம், சொல்லாவிட்டால் குருடன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ரயில் நின்றது.

வியாழக்கிழமை அந்தக் குழல் வரவில்லை. அது மரக்கட்டை பொருத்தும் கூடத்துக்குப் போய்விட்டது, இனி அது துப்பாக்கி, இந்தப் பக்கம் திரும்பாது என்று ஷ்டோட்ஸ் சொன்னான். அன்றைக்கு எடுத்த நூற்றெண்பதிலும் கோடு மட்டுமே இருந்தது. சாயங்காலம் கோட்லோப் ரோஸினெயிடம் "போய்ட்டான்" என்றான். யார் என்று அவள் கேட்கவில்லை. அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ரிட்வேகர் என்ற படை அதிகாரியும் ஒரு டாக்டரும் வந்தார்கள். அதிகாரி ஜன்னலருகில் மேசை போட்டு, துணியில் சுற்றிய மூன்று குழல்களை வைத்தார். புதிய குழல்கள். கீறல் எதிலும் இல்லை. கோட்லோப் முதலில் அதைத்தான் பார்த்தான்.

"மூணுல ஒண்ணு கோணல்," என்றார் ரிட்வேகர். "எது, எந்த இடத்துலன்னு சொல்லணும். மூணு நிமிஷம். உங்க மேஸ்திரி உங்களைப் பத்திச் சொன்னதைப் பாத்தா, மூணு நிமிஷமே அதிகம்."

"சரிங்க ஐயா."

டாக்டர் கடிகாரத்தை எடுத்தார். மேஸ்திரி சுவரோரமாக நின்றார். ஷ்டோட்ஸ் தன் அழுத்தியை நிறுத்திவிட்டான்.

கோட்லோப் முதல் குழலைக் கண்ணில் வைத்தான்.

இருட்டு.

அடைத்திருக்கிறதோ என்று நினைத்தான். இல்லை. இருட்டில் இழை இருந்தது. நெசவு. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பளி நூல், நூலில் ஒட்டிய சேறு. மேலங்கித் துணி. அவ்வளவு பக்கத்தில். அது மெல்லப் புடைத்தது, அடங்கியது. புடைத்தது, அடங்கியது.

மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

கோடு இல்லை, வெளிச்சம் இல்லை, நிழல் இல்லை. எதை வைத்துச் சொல்வது? கோட்லோப் இரண்டாவதை எடுத்தான். அதே துணி. அதே சேறு. மூன்றாவது. அதே. காதுப் பக்கம் அடைத்துக்கொண்டது. நெற்றியில் வியர்வை.

"ஒரு நிமிஷம் ஆச்சு," என்றார் டாக்டர்.

மூன்றில் ஒன்று. குருட்டாம்போக்கில் சொன்னாலும் எந்த இடம் என்று கேட்பார்கள். ரோஸினெ ஸ்டேஷனில் நிற்பது தெரிந்தது. மறுபடி முதலாவது. துணி. இரண்டாவது. துணி.

துணி நகர்ந்தது.

ஒரு கை வந்தது. முன்னால் பார்த்து நிற்கிறவன் தன் முதுகுப் பக்கமாகக் கையைக் கொண்டுவந்தான். நகமெல்லாம் கறுப்பு. விரல்களை மடக்கிக் கட்டைவிரலை மட்டும் நீட்டினான். குழலின் உட்சுவரில், வலப்பக்கம், ஓரிடத்தில் வைத்தான். அழுத்திக்கொண்டான்.

இங்கே.

கோட்லோபின் கை தானாகப் போனது. வெளியே, அதே இடத்தில், அவன் கட்டைவிரல் உட்கார்ந்தது. இரும்பு அங்கே மட்டும் சூடாக இருந்தது.

"இது," என்றான். தன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "இந்த இடம்."

ரிட்வேகர் குழலை வாங்கி, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, அடிக்கோலை வைத்து அளந்தார். இரண்டாம் முறை அளந்தார். டாக்டரிடம் காட்டினார். பிறகு முதல் முறையாகச் சிரித்தார்.

"அரை மில்லிமீட்டர் கூடப் பிசகல. மேஸ்திரி, இந்த ஆளுக்கா கண்ணு சரியில்லன்னு எழுதினீங்க? இவர் மாதிரி பத்து பேர் இருந்தா போர் எப்பவோ முடிஞ்சிருக்கும்." சீட்டை வாங்கி, மேசையில் வைத்து, ஊதா முத்திரையை ஓங்கிக் குத்தினார். "போர் முடியற வரைக்கும் இந்த ஜன்னலை விட்டு இவரை யாரும் நகர்த்தக் கூடாது. ஒரு நாள் கூட."

ஷ்டோட்ஸ் முதுகில் தட்டினான். "பயமுறுத்திட்டியேய்யா! ரோஸினெ கிட்ட ஓடிப்போய்ச் சொல்லட்டுமா?" மேஸ்திரி கூட வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், முகத்தில் அசடு வழிந்தது. கோட்லோப் எல்லோருக்கும் தலையாட்டினான். ரயில் இல்லை. ஸ்டேஷன் இல்லை. அவள் கையாட்ட வேண்டாம். அவன் ஆசைப்பட்டது முழுவதும் கிடைத்துவிட்டது.

"சரி சரி, வேலையப் பாருங்க," என்றார் மேஸ்திரி. "வெளிச்சம் இருக்கும்போதே முடிங்க."

புதிய குழல்களைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு முன்னால் தாங்கியில் அடுக்கியிருந்தார்கள். வரிசைக்குப் பன்னிரண்டு, பத்து வரிசை, முனைகள் எல்லாம் கண்ணாடியைப் பார்த்து. அவன் நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு துளையிலும் ஜன்னல் வெளிச்சம் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. நூற்றிருபது பொட்டு. எல்லாம் ஒரே அளவு. தாங்கிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு கை நுழையத்தான் இடம் இருந்தது.

கோட்லோப் முதல் குழலுக்காகக் கையை நீட்டினான்.

அடி வரிசையின் இடது ஓரத்தில் ஒரு பொட்டு அணைந்தது.

பிறகு அதற்கு அடுத்தது. அடுத்தது. வரிசை முடிந்து மேல் வரிசைக்கு ஏறியது. அவசரமில்லை. ஒவ்வொன்றாக. பின்னால் பெல்ட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஷ்டோட்ஸ் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தன் சக்கரத்தைத் திருப்பினான். ஐந்தாவது வரிசை. எட்டாவது. கோட்லோப் கையை இழுத்துக்கொள்ள நினைத்தான். கை வரவில்லை.

கடைசிப் பொட்டும் போனது.

இருட்டான துளைகளுக்குள் ஈரமாக ஏதோ மினுங்கியது. நூற்றிருபதிலும். முதுகு காட்டியே நின்றவன் கோட்லோபின் பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு குழலின் முனையிலும் ஒரு கண்ணைச் சேர்த்து வைத்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுய்யா, எதுக்கு நிக்கிற?" என்றார் மேஸ்திரி.

எல்லாக் கண்களும் ஒரே நேரத்தில் ஒரு தடவை சிமிட்டின.